குளத்தில் ஜேசிபி இறங்கும் முன் அடிமண்ணைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குமரி மாவட்டத்துக் குளங்களைச் சீரமைப்பது பற்றி நாளிதழ்களில் அடிக்கடி செய்தி வருகிறது. சுசீந்திரம் தேரூர் குளங்களும் வேம்பனூர் குளமும் 2022-ஆம் ஆண்டு, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் சேர்ந்ததிலிருந்து இந்தப் பேச்சு கூடியிருக்கிறது. தேரூரில் குளத்துக்குக் கீழே வயல் வைத்திருக்கிறவன் நான். குளத்துக்கு நல்லது நடக்கும் என்றால் எனக்குச் சந்தோஷம் இல்லாமல் இருக்குமா? ஆனால் பணம் ஒதுக்கி, டெண்டர் விட்டு, ஜேசிபியைக் குளத்துக்குள் இறக்குவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. குளத்தின் அடியில் என்ன மண் கிடக்கிறது, எத்தனை அடுக்கு, எது பிறகு வந்து படிந்தது, எது பழைய தரை என்று பார்க்க வேண்டும். அதைப் பார்க்காமல் வாரினால் குளமும் கெடும், தண்ணீரும் கெடும். இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

என் மகள் ஜியாலஜி முதுகலை படிக்கிறாள். விடுமுறைக்கு வந்திருந்தபோது, வகுப்பில் படித்த ஓர் ஆராய்ச்சியை எனக்கு விளக்கிச் சொன்னாள். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் லங்காஸ்டர் என்ற ஊரில் பிராங்க்ளின் அண்ட் மார்ஷல் கல்லூரி இருக்கிறது. அங்கே ராபர்ட் வால்டர், டோரதி மெரிட்ஸ் என்று இரண்டு நிலவியல் பேராசிரியர்கள். அந்தப் பக்கத்து ஓடைகள் செங்குத்தான மண்கரைகளுக்கு நடுவே பள்ளமாக, வளைந்து வளைந்து ஓடும். மழைக்குக் கரை இடிந்து மண் கரைந்து போகும். போய்ச் சேருமிடம் செசபீக் விரிகுடா. மண்ணோடு ஒட்டிக்கொண்டு பாஸ்பரஸும் போகும். விரிகுடாவில் தண்ணீர் கலங்கிப் பாசி பெருகினால் அடியில் வளரும் புல்லுக்கு வெயில் கிடைக்காது. இதைத் தடுக்கத்தான் ஓடைகளைச் சீரமைத்தார்கள். வளைந்து ஓடும் ஒற்றை ஓடைதான் இயற்கை அமைப்பு என்று நம்பி, அந்த வளைவு மாறாமல் கரையைப் பலப்படுத்தினார்கள்.

வால்டரும் மெரிட்ஸும் கரை இடிந்த இடங்களில் மண்ணின் அடுக்குகளைப் பார்த்தார்கள். மேலே ஒன்று முதல் ஐந்து மீட்டர் உயரத்துக்கு மெல்லிய துகளாக வண்டல். அதன் கீழே கறுப்பாக ஒரு படுகை. அந்தக் கறுப்பு மண்ணுக்குள் கோரை வகைச் செடிகளின் விதைகள் அப்படியே கிடந்தன. அதற்கும் கீழே சரல்கல். ஐரோப்பியர்கள் வந்து குடியேறும் முன்பு அந்தக் கறுப்பு மண்தான் தரை. அப்போது அங்கே ஒற்றை ஓடை இல்லை. கோரை மூடிய அகலமான ஈரநிலமும் அதற்குள் பிரிந்து பிரிந்து ஓடும் சின்னச் சின்ன நீர்வழிகளும்தான். வந்தவர்கள் காட்டை வெட்டி உழுதார்கள். மாவு அரைக்கவும் மரம் அறுக்கவும் தண்ணீர் விசையில் ஓடும் மில்களை வைத்து, ஓடைக்கு ஓடை அணை கட்டினார்கள். 1840-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலேயே அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் இப்படிப்பட்ட மில்கள் 65,000-க்கு மேல். உழுத நிலத்து மண் அணைகளுக்குப் பின்னால் தேங்கி ஈரநிலத்தை மூடிவிட்டது. அப்புறம் மில்கள் போயின, அணைகள் உடைந்தன, தண்ணீர் அந்த வண்டலை அறுத்துக்கொண்டு இறங்கியது. இயற்கை என்று எல்லோரும் நம்பிய ஓடை அப்படி உண்டான பள்ளம். 2008 ஜனவரியில் 'சயின்ஸ்' இதழில் இதை வெளியிட்டார்கள்.

சொன்னதோடு நிற்கவில்லை. லங்காஸ்டர் பக்கத்தில் பிக் ஸ்பிரிங் ரன் என்ற சின்ன ஓடையில் 2011-இல் ஏறக்குறைய 20,000 டன் வண்டலை அள்ளி எடுத்தார்கள். பழைய கறுப்புத் தரை வெளியே தெரியும் வரை எடுத்து, அதோடு நிறுத்திக்கொண்டார்கள். தண்ணீர் தானாகப் பரந்து ஓட ஆரம்பித்தது, ஈரநிலச் செடிகள் வந்தன, கலங்கல் குறைந்தது. இதில் என் மனதில் நின்றது ஒரு விஷயம். அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் அந்த ஓடையில் மண்ணையும் சத்துகளையும் அளக்க ஆரம்பித்தது வேலை நடந்த பிறகு இல்லை. 2009-லேயே தொடங்கி 2015 வரை அளந்திருக்கிறார்கள். முன்பு எப்படி இருந்தது என்ற கணக்கு கையில் இருந்ததால்தான், பிறகு எவ்வளவு மாறியது என்று அவர்களால் சொல்ல முடிந்தது.

அங்கே அணை கட்டியதால் ஈரநிலம் மூடிப்போனது. இங்கே கதை வேறு. கரை போட்டுத் தண்ணீரைத் தேக்கியதால்தான் எங்கள் ஈரநிலமே உண்டானது. நாஞ்சில் நாட்டுக் குளங்கள் பெரும்பாலும் மனிதன் வெட்டியவை. மேல்குளத்து மறுகால், அதாவது நிறைந்து வழியும் தண்ணீர், கீழ்க்குளத்துக்குப் போகும். 1897-இல் தொடங்கி 1906-இல் முடிந்த பேச்சிப்பாறை அணைக்குப் பிறகு சானல் தண்ணீரும் இவற்றோடு சேர்ந்துகொண்டது. சுருளோட்டில் பிறக்கும் பழையாறு, நாகர்கோவிலையும் சுசீந்திரத்தையும் தாண்டி மணக்குடியில் கடலில் கலக்கும் வரை, வழியில் சோழன்திட்டை, பிள்ளைபெத்தான் போன்ற தடுப்பணைகளில் நின்று நின்றுதான் போகிறது. ஆகவே அமெரிக்காக்காரர் செய்ததை அப்படியே இங்கே செய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை. அவர்கள் பார்த்த முறையில் பாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இனி நாங்கள் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். கோடையில் தண்ணீர் வற்றி நின்ற நேரம் மகள் இரண்டு இஞ்ச் பி.வி.சி. குழாய் ஒன்றைக் குளத்தின் ஓரச் சேற்றில் செங்குத்தாக அடித்து இறக்கச் சொன்னாள். மேல்வாயை உள்ளங்கையால் இறுக மூடிக்கொண்டு மெதுவாக உருவினோம். மண் குழாயோடு வந்தது. வரப்பில் சாக்கை விரித்து, குழாயை நீளவாக்கில் அறுத்துத் திறந்தோம். மேலே விரற்கடை அளவுக்குக் கூழ் மாதிரி தொளி. அதன் கீழே முழங்கை நீளத்துக்குக் கன்னங்கரேலென்று சேறு. அழுகிய முட்டை வாடை. நடுவே ஷாம்பு பாக்கெட்டின் ஒரு துண்டு மக்காமல் இருந்தது. அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் வழவழப்பான வண்டல். கடைசியில் குழாய் போகமாட்டேன் என்று நின்ற இடத்தில் நீலம் கலந்த கெட்டிக் களி. களிக்குள் சின்னச் சின்ன நத்தை ஓடுகள். நகத்தால் அழுத்தினால் சோப்பில் அழுத்தியது மாதிரி தடம் விழுந்தது.

"எப்பா, இந்தக் கறுப்பைப் பாத்துக்கிட்டே இருங்க, மாறும்" என்றாள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் வெளிப்பக்கம் துருப்பிடித்த தகரம் மாதிரி பழுப்பாகியிருந்தது. பிட்டுப் பார்த்தால் உள்ளே இன்னும் கறுப்பு. மண்ணில் இருக்கும் இரும்புதான் காரணம் என்று விளக்கினாள். எங்கள் மாவட்டத்துப் பாறைகள் கோண்டலைட், சார்னகைட் வகை. அவை உளுத்து வரும் மண்ணில் இரும்பு நிறைய. காற்றுப் படுகிற இடத்தில் இரும்பு பாஸ்பரஸைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காற்றே இல்லாத கறுப்புச் சேற்றில் பிடியை விட்டுவிடும். விட்ட பாஸ்பரஸ் தண்ணீருக்குள் வரும். அதைத் தின்றுதான் பாசியும் ஆகாயத்தாமரையும் கொழுக்கின்றன.

வருஷா வருஷம் ஆகாயத்தாமரையை அள்ளிக் கரையில் போடுகிறார்கள், அடுத்த மழைக்கு மறுபடியும் குளம் மூடிவிடுகிறது. ஏன் என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. அதன் தீனி அடியில் கிடக்கிறது. புதிதாகச் சாக்கடை ஒரு சொட்டு வராவிட்டாலும் பழைய சேறு பல வருஷம் அதை வளர்த்துக்கொண்டிருக்கும். சில குளங்களில் தாமரைக் குத்தகை எடுத்தவர்கள் பூவுக்காக உரமும் பூச்சிமருந்தும் போடுவதும் உண்டு. தோவாளைச் சந்தைக்குப் பூ போக வேண்டும், அந்தக் குடும்பங்களும் பிழைக்க வேண்டும், அவர்களை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. எங்கள் வயலில் போடுகிற யூரியாவும் காம்ப்ளக்சும் வடிந்து கீழ்க்குளத்துக்குத்தானே போகிறது.

அப்படியென்றால் சேறு முழுவதையும் ஆழமாக வாரிவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் எனக்குப் பயம். எங்கள் சுற்றுவட்டாரத்தில் ஒரு சிறிய குளம். பெயர் வேண்டாம். தூர் வாருகிறோம் என்று இறங்கிய ஒப்பந்தக்காரர் கறுப்புச் சேறும் வண்டலும் போன பிறகும் நிறுத்தவில்லை. கெட்டிக் களியையும் வெட்டி, சிவப்புச் சரல் தெரியும் வரை போனார். களிக்கு விலை இருக்கிறது. லாரி லாரியாகப் போயிற்று. அந்த வருஷம் நல்ல மழை, குளம் நிறைந்தது. முன்பெல்லாம் பங்குனி வரை தண்ணீர் நிற்கும் குளம், தை கடைசியிலேயே வெடித்துக் கிடந்தது. தண்ணீரைத் தாங்கிய தளத்தையே வெட்டிவிட்டார்கள். கீழே நிலத்தடி நீர் கூடியதே என்று சிலர் சமாதானம் சொன்னார்கள். கூடியிருக்கலாம். ஆனால் கும்பப்பூ என்கிற நெல் போகத்தில் கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் மடையில் தண்ணீர் இல்லை. போதாக்குறைக்குக் குளத்துத் தண்ணீரில் சாக்கடை கலந்திருந்தால், வடிகட்டிக் கொடுக்கும் களி இல்லாத இடத்தில் அதுவும் சேர்ந்துதான் பக்கத்துக் கிணறுகளுக்குப் போகும். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது இந்தியத் தர அளவு. குழந்தைகளுக்கு அது ஆபத்து.

என் பாட்டா காலத்தில் கோடையில் ஊரே குளத்துக்குள் வண்டி பூட்டி இறங்கும். வண்டலை அள்ளி வயலுக்கு அடிப்பார்கள். மம்பட்டி கெட்டிக் களியில் இடித்தால் அந்த இடத்தை விட்டுவிட்டு நகர்ந்துவிட வேண்டும், அது ஊர்க்கட்டுப்பாடு என்று அப்பா சொல்லியிருக்கிறார். மனிதனின் கைக்கு அந்த வித்தியாசம் தெரியும். ஜேசிபி ஓட்டுபவர் கேபினில் உட்கார்ந்திருக்கிறார். எத்தனை அடி என்று தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறதோ அத்தனை அடி வெட்டுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. தாளை எழுதியவர்கள் அடிமண்ணைப் பார்த்து எழுதியிருக்க வேண்டும். குளம் முழுவதற்கும் ஒரே ஆழம் எழுதுவதைத்தான் நான் எதிர்க்கிறேன். தண்ணீர் வந்து விழும் வாய்ப்பக்கம் வண்டல் கனமாக இருக்கும், மடைப்பக்கம் மெல்லிசாக இருக்கும். ஒரே குளத்தில் இடத்துக்கு இடம் மாறும்.

ஓரம் பற்றியும் சொல்ல வேண்டும். சீரமைப்பு என்றாலே சுற்றிலும் செங்குத்தாகக் கல் பதித்து, மேலே நடைபாதை போட்டு, விளக்குக் கம்பம் நடுவது வழக்கமாகிவிட்டது. பார்க்கச் சுத்தமாக இருக்கிறது. ஆனால் ஒரு குளம் தண்ணீரைச் சுத்தம் செய்வது அதன் ஆழமில்லாத ஓரத்தில்தான். கணுக்கால் தண்ணீரில் கோரையும் சம்பும் அடர்ந்து நிற்கும் இடத்தில், மக்கிய இலைதழைகளுக்கு அடியில் காற்றில்லாத மண்ணில் வாழும் நுண்ணுயிரிகள் தண்ணீரிலிருக்கும் நைட்ரேட்டைப் பிரித்து நைட்ரஜன் வாயுவாகக் காற்றில் விட்டுவிடுகின்றன. மேலிருந்து வரும் மண்ணும் அந்தத் தண்டுகளுக்கு இடையில் வேகம் குறைந்து படிகிறது. கல்சுவருக்கு இந்த வேலை தெரியாது. நெடுங்கால் உள்ளான் நிற்பதும் அந்த ஓரத்தில்தான், இலைக்கோழி நடப்பதும் அங்கேதான். பறவைகளுக்காகப் பட்டியலில் இடம் பிடித்த குளத்தில், பறவை நிற்கிற ஓரத்தை எடுத்துவிட்டால் பட்டியல் மட்டும்தான் மிஞ்சும். கரை பலமாக வேண்டும் என்பது நியாயம். 2021 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்கள் யாரும் அதை மறுக்கமாட்டார்கள். மடையும் மறுகாலும் இருக்கும் பக்கத்துக் கரைக்குக் கல் போடுங்கள். தண்ணீர் வந்து சேரும் பக்கத்தைச் சரிவாகவே விடுங்கள்.

அதனால் நான் கேட்பது இவ்வளவுதான். எந்தக் குளத்தில் வேலை எடுத்தாலும், திட்டம் போடும் முன் ஒரு நிலவியல் ஆளைக் கூட்டி வாருங்கள். நான் போன கூட்டங்களில் பொறியாளர்களைப் பார்த்திருக்கிறேன், வனத்துறையினரைப் பார்த்திருக்கிறேன், பறவை ஆர்வலர்களைப் பார்த்திருக்கிறேன். மண் படித்தவர் ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை. வாய்ப்பக்கம், நடுக்குளம், மடைப்பக்கம், ஓரம் என்று பல இடத்தில் குழாய் இறக்கி அடுக்குகளைப் பார்த்து, எங்கே எவ்வளவு வாரலாம், எங்கே கை வைக்கக்கூடாது என்று ஒரு வரைபடம் போடட்டும். ஒரு ஜேசிபியின் சில நாள் வாடகையில் இது முடிந்துவிடும். அந்த வரைபடத்தை ஒப்பந்தத்தோடு சேர்த்துக் கட்டுங்கள்.

எடுக்கிற வண்டலை என்ன செய்வது என்பதும் அடிமண்ணைப் பொறுத்ததுதான். வட்டாட்சியர் அனுமதியோடு விவசாயிகள் வண்டல் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறது, அது எங்களுக்குப் பெரிய உதவி. ஆனால் நகரத்துச் சாக்கடை கலந்த குளத்தின் சேறும், நெடுஞ்சாலை ஓரத்துக் குளத்தின் சேறும், மலையடிவாரக் குளத்தின் சேறும் ஒன்றில்லை. ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் இருக்கின்றனவா என்று ஆய்வகத்தில் பார்த்துவிட்டு வயலுக்கு அனுப்புங்கள். நெல்லில் ஏறிவிட்டால் அதைச் சாப்பிடப் போவது நாம்தான். நாலு வழிச் சாலைக்காகக் குளங்களுக்குள் கொட்டிய மண்ணில் தேவைக்கு மேல் கிடப்பதை முதலில் எடுத்துவிடலாம். அது எந்த அடுக்கு என்று தேட வேண்டிய அவசியமே இல்லை, மேலேயே கிடக்கிறது.

தண்ணீரை அளப்பதை வேலைக்கு ஒரு முழு வருஷம் முன்பே தொடங்க வேண்டும். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. இரண்டு மழையும் பார்த்த கணக்காக இருந்தால்தான் அது கணக்கு. உள்ளே வரும் வாயிலும், மடையிலும், மறுகாலிலும் கலங்கல், பாஸ்பரஸ், நைட்ரேட், கரைந்த ஆக்சிஜன், மலக்கிருமி இவற்றைப் பார்த்து, மடைப்பக்கத்தில் ஒரு பலகையில் மாதாமாதம் எழுதிப் போடுங்கள். ஊர்க்காரன் போகிற வருகிறபோது படிப்பான். கலங்கலுக்கும் பாஸ்பரஸுக்கும் வாயிலும் மடையிலும் ஒரே எண் இருந்தால் குளம் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். மடையில் கூடுதலாக இருந்தால் அடிச்சேறு தண்ணீரைக் கெடுக்கிறது என்று அர்த்தம். இதைப் புரிந்துகொள்ள யாருக்கும் பட்டம் தேவையில்லை.

மேலே சாக்கடை வந்துகொண்டே இருக்கும்போது கீழே தூர் வாருவது வீண் செலவு. பழையாற்றில் நாகர்கோவிலின் கழிவு கலக்கும் வாய்கள் எங்கெங்கே என்று அந்த ஊர்க்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். அதை அடைத்துவிட்டு, மேல்குளத்தில் தொடங்கிக் கீழே வர வேண்டும். கீழ்க்குளத்தை முதலில் வாரிவிட்டு மேல்குளத்தைக் கிளறினால், கிளறிய சேறெல்லாம் வாரிய குளத்தில் வந்து சேரும்.

காலமும் குறைவு. கும்பப்பூ அறுப்பு முடிந்து சானல் அடைத்த பிறகு, அடுத்த போகமான கன்னிப்பூவுக்கு ஜூன் மாதம் தண்ணீர் திறக்கும் வரை இடையில் கிடைப்பது மூன்று மாதம் சொச்சம். வலசை வந்த பறவைகளில் பெரும்பாலானவை பங்குனியோடு திரும்பிவிடும். அந்த இடைவெளிக்குள் வேலை முடிய வேண்டுமானால், குழாய் இறக்கிப் பார்க்கும் வேலை அதற்கு முந்தைய கோடையிலேயே நடந்திருக்க வேண்டும். கோப்பு கையெழுத்தாகி வரவே வைகாசி ஆகிவிடுகிறது, அப்புறம் அவசரம் அவசரமாகக் கையில் கிடைத்ததை வாருகிறார்கள்.

நீர்வளத் துறையோ வனத்துறையோ மாவட்ட நிர்வாகமோ, இந்த வேலையை யார் எடுத்தாலும் சரி. தேரூர் குளத்தில் முதலில் பார்ப்பதாக இருந்தால் எங்கள் பாசன விவசாயிகள் கூட நிற்போம். எந்த இடத்தில் கால் புதையும், எந்த இடத்தில் களி மேலேயே இருக்கிறது, பழைய ஓடை குளத்துக்குள் எந்த வழியாக வந்தது என்று காட்டிக் கொடுக்க எழுபது எண்பது வயதுப் பெரியவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே வாருங்கள்.

இப்படிக்கு,
குளத்துப் பாசன விவசாயி ஒருவர்,
தேரூர், கன்னியாகுமரி மாவட்டம்.